முப்பத்திரண்டாவது கம்பி

அந்தப் பையை மேல வெக்க வேண்டாமுங்கக்கா, மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உள்ள ஒரு ரேடியோ பெட்டி இருக்குது. பாட்டுக் கேக்கற ரேடியோ இல்லீங்க, படகுல வெச்சுப் பேசற ரேடியோ. நாங்களே பண்ணுனது. நீங்க தூத்துக்குடிதானுங்களா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் போறேன். ஒரு ஆளோட சண்டை போடறதுக்கு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். கோயமுத்தூர்ல காத்தால பஸ் ஏறி, மதுரையில மாத்தி, இத்தனை தூரம் சண்டை போடத்தான் வந்துட்டு இருக்கறேன். என்னென்ன கேக்கோணும்னு மனசுக்குள்ள வரிசையா எழுதி வெச்சிருக்கறேன். ஆனா பாருங்க, சண்டைக்குப் போறவளுக்கு சிரிப்பு சிரிப்பா வருது. மதுரையில கண்டக்டர் எந்த ஊருன்னு கேட்டதுக்கே சிரிச்சுட்டேன், அந்த மனுசன் பயந்துட்டாரு. இந்தாங்க, தேங்காய் பன் சாப்பிடுங்க. எங்கூரு பன்னு. ஆறு வாங்கினேன். சண்டைக்குப் போறவ எதுக்கு ஆறு பன்னு வாங்கோணும்னு கேக்காதீங்க. அந்த ஆளுக்குத் தேங்காய் பன் புடிக்கும், அவ்வளவுதான். சண்டை வேற, பன்னு வேற.

ஆளு பேரு ஸ்டெனிஸ்லாஸ் மச்சாடோ. உங்க ஊருப் பேருதானுங்களே. அவங்கப்பா, சித்தப்பா எல்லாரும் படகு வெச்சிருக்கறாங்க. இவரு மட்டும் படிச்சுட்டு எங்க பீளமேட்டுக் கம்பெனிக்கு வந்து சேந்தாரு. மூணு வருசமா எனக்குப் பக்கத்து டேபிள். என்ற பேரு வான்மதி. மதின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவரு மட்டும் மூணு வருசமா 'வான்மதி மேடம்'. என்னமோ நான் ஸ்கூல் டீச்சராட்ட.

அவரு என்ன பண்ணுனாருன்னா, என்ற தப்பை அவரு எடுத்துக்கிட்டாருங்கக்கா. கேக்காம எடுத்துக்கிட்டாரு. என்ற தப்பு, நான் பண்ணுனது, என்ற சொந்தத் தப்பு. ஒருத்தியோட பன்னை எடுத்துத் தின்னா அவளுக்குக் கோவம் வருமில்லீங்களா? தப்பை எடுத்தா வராதா?

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். இந்தப் பெட்டிக்குள்ள ஒரு சிப்பு இருக்குது. கட்டை விரல் நகத்துக்குக் கொஞ்சம் பெருசு. மத்த சிப்பெல்லாம் கடையில எப்படி வாங்குனமோ அப்படியேதான் சாவற வரைக்கும் இருக்கும். இது அப்படி இல்லீங்க. உள்ள எந்தக் கம்பி எதோட சேரோணும்னு நாமளே எழுதலாம், புடிக்கலைன்னா அழிச்சுட்டு வேற எழுதலாம். அதுலயும் என்ற வேலை என்னன்னா, சிப்பு ஓடிட்டு இருக்கறப்பவே, அதுல ஒரு பக்கத்தை மட்டும் அழிச்சு வேற எழுதறது. மத்த பக்கம் ஒரு நொடி கூட நிக்கக் கூடாது. புரியுதுங்களா? இப்ப உங்க ஊட்டுல ஒரே ஒரு ரூமை மட்டும் இடிச்சுக் கட்டறீங்க. அடுத்த ரூமுல சமையல் நடந்துட்டே இருக்கோணும், தொட்டில்ல கொழந்தை தூங்கிட்டே இருக்கோணும். மூணு மில்லிசெகண்டு. அதுக்குள்ள இடிச்சுக் கட்டிக் குடியும் போயாச்சு.

அது எதுக்குன்னா, படகுக்காரங்களுக்கு மூணு விசயம் வேணும். பேசோணும். கரையில இருந்து வர்ற காத்து, மழைச் செய்தி எழுத்தா வரோணும். படகு எங்க நிக்குதுன்னு கரைக்குத் தெரியோணும். மூணும் ஒரே நேரத்துல இந்தச் சின்ன சிப்புல புடிக்காது. பெரிய சிப்பு போட்டா வெலை ஏறிரும், பெட்டியை யாரும் வாங்க மாட்டாங்க. அதனால ஒரே ரூமு. இப்பப் பேச்சு, அப்பறம் மழைச் செய்தி, அப்பறம் இடம். மாத்தி மாத்தி. அந்த மாத்தற ரூமு என்னோடது.

பக்கத்து ரூமு ஸ்டெனிஸோடது. அது எப்பவுமே மாறாது. கடல்ல எந்தப் படகாவது ஆபத்துன்னு கூப்பிட்டா அதைக் கேக்கற காது அது. நான் என்ற ரூமை எத்தனை தடவை இடிச்சாலும் அந்தக் காது மூடக் கூடாது. அதுல அவரு விட்டுக் கொடுக்கவே மாட்டாரு. ஒரு நாள் கூட சத்தம் போட்டுப் பேசுனதில்லீங்க, ஆனா அதுல மட்டும் கல்லு. அவங்க சின்ன மாமா ஒருத்தரு கூப்பிட்டுக் கூப்பிட்டு யாருக்கும் கேக்காம போயிட்டாராம். அதை அவரு ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. நான் அன்னிக்குச் சாப்பிடவே இல்லீங்க.

ரெண்டு ரூமுக்கும் நடுவுல முப்பத்திரண்டு கம்பி போகுது. ரூமை இடிக்கறப்ப புழுதி பறக்குமில்லீங்களா, அது மாதிரி அந்த மூணு மில்லிசெகண்டும் அந்தக் கம்பியில கன்னாபின்னான்னு சிக்னல் வரும். அதுக்கு ஒரு கதவு வெக்கோணும். இடிக்கறப்ப மூடி, கட்டி முடிச்சதும் தெறக்கோணும். ஸ்டெனிஸ் ஆறு மாசமா இதையே சொல்லிட்டு இருந்தாரு. "மேடம், எல்லாக் கம்பிக்கும் கதவு வைங்க." நான் சொன்னேன், "மூணு மில்லிசெகண்டுல என்னங்க புழுதி பறந்துடப் போகுது?" அப்பவும் விடல. செக் லிஸ்ட்ல எழுதி வெச்சுட்டாரு, எல்லாக் கம்பிக்கும் கதவு வெச்சாச்சான்னு. நானும் வெச்சேனுங்க. 'ஆச்சு'ன்னு டிக் போட்டேன். அப்பறமா ஒரு கம்பி புதுசா சேத்தேன். 'பேசு'ங்கற கம்பி. அது எந்திரிச்சா பெட்டி பேச ஆரம்பிச்சுடும். செக் லிஸ்ட்ல ஏற்கெனவே டிக் இருந்துச்சா, அப்படியே விட்டுட்டேன். முப்பத்தியொரு கம்பிக்குக் கதவு இருக்குது. முப்பத்திரண்டாவதுக்கு இல்ல.

இது எங்க பொழப்புல இருக்கறவங்க மட்டும்தானுங்க பண்ற தப்பு. வேற யாராலயும் பண்ணவே முடியாது. அதுல ஒரு பெருமை வேற எனக்கு, பாருங்க.

ட்ரயல் உங்க ஊருலதான். மீன்பிடித் துறைமுகத்துல, மீனவர் சங்கக் கட்டடத்து மாடியில நானும் ஹசீனாவும் கரைப் பெட்டியோட உக்காந்திருந்தோம். ஹசீனா எங்க டெஸ்டிங் பொண்ணு, என்ற சினேகிதி. ஸ்டெனிஸ் அவங்க சித்தப்பா படகுல எட்டு மைல் உள்ள. அதே சேனல்ல மத்த படகு பதினெட்டு. மொத்தம் பத்தொம்பது படகு கேக்குது. பத்து மணிக்கு ஆரம்பிச்சோம். மாத்தறேன், பேச்சு. மாத்தறேன், மழைச் செய்தி. மாத்தறேன், இடம். ஒவ்வொரு தடவை மாத்தறப்பவும் ஸ்டெனிஸ் சரியா அந்த நேரம் பாத்து ஆபத்து சிக்னல் அனுப்பறாரு, காது ஒவ்வொரு தடவையும் புடிக்குது. நாப்பது தடவைங்கக்கா! நாப்பதும் பாஸ்! நான் சேரை விட்டு எந்திரிச்சு ஒரு சுத்து சுத்துனேன். மாடியில நாங்க ரெண்டே பேரு, யாரு பாக்கறாங்க?

நாப்பத்தியொண்ணாவது தடவைதான் அந்தக் கம்பி எந்திரிச்சிருக்குது. புழுதி போய்ச் சரியா அதுல உக்காந்துருச்சு. ஒரு தடவை 'பேசு'ன்னு சொல்லிட்டா, 'நிறுத்து'ன்னு சொல்ற வரைக்கும் விடாது அது. பேசறப்ப எரியற சிவப்பு லைட்டும் எரியல. ஏன்னா அந்த லைட்டை நான் கம்பியைப் பாத்து எரிய வெக்கல, புரோகிராம் சொல்றதைக் கேட்டு எரிய வெச்சேன். புரோகிராமுக்கே தெரியாதே. ஸ்கிரீன்ல எல்லாமே பச்சை.

அப்படியே பதினோரு நிமிசம். மைக்கு என்ற முன்னால.

என்ன பேசுனேனா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, டெக்னிக்கலாத்தான். நாப்பது பாஸ் ஆன சந்தோசம் வேற. ஹசீனா கேட்டா, பேச்சு எப்படிடி இத்தனை தெளிவா வருது, இரைச்சலே இல்லையேன்னு. அதுக்கு நான் உண்மையைச் சொன்னேன். இரைச்சலை எடுக்கற வடிகட்டியை நான் ஸ்டெனிஸோட குரலை வெச்சுத்தான் பண்ணுனேன்னு சொன்னேன். ஒரு வருசமா அவரு 'ஒண்ணு ரெண்டு மூணு'ன்னு சொன்ன ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை பண்ணேன், அவரு குரல்ல எங்க மணல் இருக்குது, எங்க வெல்லம் இருக்குதுன்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன். வேற யாரு குரலுக்கும் அது அத்தனை சரியா வராது, அது எனக்குக் கவலையும் இல்லைன்னேன். அவரு லீவு போட்டா எனக்குப் புரோகிராம் எழுதவே வர்றதில்லைன்னேன். 'செய்யுதேன் மேடம்'னு அவரு சொல்ற மாதிரி சொல்லிக் காட்டுனேன். ஹசீனா, "உனக்கு அவரைப் புடிச்சிருக்காடி?"ன்னா. "அதைக் கேக்கறதுக்கு உனக்கு மூணு வருசம் ஆச்சா?"ன்னேன். சும்மா தமாசுக்குங்க.

சும்மா தமாசுக்குத்தாங்க.

அப்பறம் பெட்டி சூடாகுதுடின்னு ஹசீனா சொன்னா. சரி, மறுபடி மாத்திப் பாக்கலாம்னு மாத்துனேன். அந்தக் கம்பி தானா எறங்கிருச்சு. எறங்குன உடனே ஒரு வயசான குரல், "மதினி, சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்டுது. நான் திகைச்சுப் போயிட்டேன். அடுத்து வேற ஒரு படகு, "மதினி, மைக்கை அணைச்சுப்போட்டுப் பேசுங்க." அப்பறம் வரிசையா பத்துப் படகு, மதினி, மதினி, மதினி. என்ற பேரு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னே புரியிலீங்க. மதின்னு கூப்பிடறது போதாதுன்னு 'னி' வேற சேத்துக்கிட்டாங்க. கடக்கரைப் பக்கம் மரியாதைக்கு அப்படிச் சேப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். முன்னப் பின்ன தெரியாதவங்க இத்தனை பாசமாப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுல எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

ஏனுங்க சிரிக்கறீங்க? பன்னு தொண்டையில சிக்கிக்கும், பாத்து. தண்ணி குடிங்க.

சிரிக்கற விசயமில்லீங்க அது. பதினோரு நிமிசம் அந்த சேனல்ல வேற யாரும் பேச முடியாம அடைச்சு வெச்சிருக்கறேன். அந்த நேரத்துல யாராவது ஆபத்துன்னு கூப்பிட்டிருந்தா? யாரும் கூப்பிடல, சாமி புண்ணியம். ஆனா சங்கத்துச் செயலாளர் மேல வந்து, அந்தப் பதினோரு நிமிசம் கடல் செவிடாப் போச்சும்மான்னு சொன்னாரு.

மத்தியானம் ஸ்டெனிஸ் கரைக்கு வந்தாரு. படகுல இருந்து குதிச்சு நேரா மாடிக்கு வந்து என்ற முன்னால நிக்கறாரு. சட்டையெல்லாம் உப்புத் தண்ணி. "ரிசல்ட் எல்லாம் எழுதியிருக்கேன்"னாரு. அப்பறம், "வேற எதுவும் சொல்லணுமா, மதி?"ன்னு கேட்டாரு. மதின்னாரு! மூணு வருசத்துல மொத தடவை. வெயில்ல நின்னு அசதி போலன்னு நெனச்சுக்கிட்டேன். "இல்லீங்க, அவ்வளவுதான், மிச்சத்தை மெயில்ல போடறேன்"னேன். அப்பறம் ஒரு சந்தேகம் வந்து, "ஏனுங்க, அந்தப் பதினோரு நிமிசம் படகுல ஏதாவது கேட்டுச்சுங்களா?"ன்னேன். தரையைப் பாத்துட்டு, "இல்ல மேடம், வெறும் இரைச்சல்தான்"னாரு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. போனைப் பாத்தா அவரோட எட்டு மிஸ்டு கால். சைலன்ட்ல போட்டிருந்தேன். எதுக்குக் கூப்பிட்டீங்கன்னேன். ரிசல்ட் சொல்லத்தான்னாரு.

திங்கக்கிழமை மீட்டிங். யாரு தப்புன்னு மேனேஜர் கேட்டாரு. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள ஸ்டெனிஸ் எந்திரிச்சு, "என் பக்கம் தப்பு சார், அந்தக் கம்பியை என் பக்கத்துல நான் பிடிச்சு வச்சிருக்கணும்"னு சொல்லிட்டாரு.

வாயைத் தெறக்கறதுக்குள்ளன்னு சொன்னேனா? பொய்யிங்க. உங்ககிட்ட எதுக்குப் பொய். மேனேஜர் அவரைத் திட்டுன திட்டு நாலு நிமிசம் நடந்துச்சு. நாலு நிமிசம் எனக்கு நேரம் இருந்துச்சு. நான் தெறக்கல. குனிஞ்சு நோட்டுல கோடு போட்டுட்டு இருந்தேன்.

அடுத்த வாரம் அவரு லீவு. அதுக்கடுத்து வேலையை விட்டுட்டாருன்னு ஹசீனா சொன்னா. கப்பல்ல எலெக்ட்ரிக்கல் ஆபீசர் வேலையாமா. இப்ப ஊட்டுக்கு வந்திருக்கறாராமா, வர்ற செவ்வாக்கிழமை கொச்சியில கப்பல் ஏறறாரு. ஒம்பது மாசம் தண்ணியிலயே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்து டேபிள் காலி. கீபோர்டு மேல துணி போத்தி வெச்சிருக்கறாங்க, பாக்கவே சகிக்கல.

வெசாழக்கிழமை நான் எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன். தப்பு என்னோடது, முப்பத்திரண்டாவது கம்பிக்குக் கதவு வெக்காம டிக் போட்டது நானுன்னு. வேலை போயிரும்னு நெனச்சேன். மேனேஜர் திட்டவே இல்லீங்க. "இப்பக் கதவு வெச்சாச்சா? சரி, அடுத்த மாசம் மறு ட்ரயல்"ன்னாரு. அவ்வளவுதானுங்க. அவ்வளவுதான்னா இந்த ஆளு எதுக்கு என்ற தப்பைத் தூக்கிட்டுக் கப்பலேறோணும்? அதைக் கேக்கத்தான் போறேன். கதவு வெச்ச பெட்டியை டேபிள் மேல வெச்சு, இந்தாங்க, உங்க காதுக்கு இனி ஒரு தூசி வராது, இப்பச் சொல்லுங்க, எதுக்குங்க போறீங்கன்னு கேக்கோணும். நியாயமான கேள்விதானுங்களே?

அக்கா, இன்னும் சிரிக்கறீங்க. என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க.

என்னங்க?

மதினின்னா பேரு இல்லீங்களா?

அண்ணன் சம்சாரத்தையா? உங்க ஊருல அண்ணன் சம்சாரத்தையா அப்படிக் கூப்பிடுவாங்க? எங்க பக்கம் நங்கைன்னுதானுங்க சொல்லுவோம். மதினின்னு நான் கேட்டதே... இருங்க. யாரோட அண்ணன்? அந்தப் படகுல எல்லாம் அண்ணன்னா யாரு, ஸ்டெனிஸா?

அய்யய்யோ.

அய்யய்யோ, அக்கா. அந்த வயசானவரு சாப்பிட்டாச்சான்னு கேட்டாரே. பத்துப் படகு கேட்டுச்சே. அப்ப பத்தொம்பது படகும் கேட்டிருக்குது. மணலு, வெல்லம், எல்லாம். அந்த எட்டு மிஸ்டு கால்... ரிசல்ட்டுக்கு எதுக்குங்க எட்டுத் தடவை கூப்பிடோணும்? மைக்கை அணைன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்கறாரு. நான் அவமானப்பட்டுறக் கூடாதுன்னு அந்த மனுசன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கறாரு. முடியாம அத்தனையும் கேட்டுட்டு, படகை விட்டு எறங்கி, ஈரச் சட்டையோட வந்து நின்னு, வேற எதுவும் சொல்லணுமா மதின்னு கேட்டிருக்கறாரு.

நான் என்ன சொன்னேன்? அவ்வளவுதான், மிச்சத்தை மெயில்ல போடறேன்னேன்.

மெயில்ல!

கேட்டுச்சுங்களான்னு வேற கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதேங்கற மூஞ்சியோட. அதுக்குத்தான் இரைச்சல்னு சொன்னாரு. மேடம்னு சொன்னாரு. ஒரு நிமிசத்துல மதி போய் மேடம் வந்துருச்சு, நான் கவனிக்கவே இல்லீங்க. மூணு மில்லிசெகண்டுல என்ன மாறுதுன்னு பாக்கறதுதான் என்ற பொழப்பே.

இல்லீங்க, அழுகல. சிரிக்கறனா அழுகறனான்னு எனக்கே தெரியல. எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுங்கக்கா. தமாசுக்குச் சொல்லலை அன்னிக்கு. சண்டை போடறதுக்கா ஒருத்தி காத்தால அஞ்சு மணிக்குக் குளிச்சு, இந்தப் பச்சை சுடிதாரை இஸ்திரி போட்டு, ஆறு பன்னு வாங்கிட்டுக் கெளம்புவா? எங்கப்பாகிட்ட என்ன சொல்லுவேன்னு தெரியல. பொண்ணுக்கு எங்க சனத்துலயே மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறவரு. மச்சாடோன்னு சொன்னா மொதல்ல அது எந்த ஊருன்னு கேப்பாரு. கேக்கட்டும், சொல்லிக்கலாம்.

தூத்துக்குடிக்கு இன்னும் எத்தனை நேரமுங்க? ஒரு மணி நேரமா? அத்தனை நேரம் என்னால முடியாதுங்க. இந்த டிரைவரு இப்படி ஓட்டுனா எப்ப போய்ச் சேர்றது. இல்ல, நேர்ல எல்லாம் இல்ல, இப்பவே. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் புடிங்க. போன்ல இருக்குது பாருங்க அவரு நம்பரு. அமுக்கிட்டேன். ரிங்கு போகுது. பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே. கண்டக்டர் அண்ணா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க, அவசரமுங்க. நன்றிங்க.

ஹலோ. ஸ்டெனிஸ், நான் வான்மதி. மதி. பஸ்ல வந்துட்டு இருக்கறேன். உங்க ஊருக்குத்தான். இல்லீங்க, ட்ரயல் விசயம் இல்ல. குறுக்க பேசாதீங்க, தைரியம் போயிரும். அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. வேற எதுவும் சொல்லணுமான்னு. சொல்லோணும். அந்தப் பதினோரு நிமிசமும் நெசம். ஒரு வார்த்தை கூடத் தமாசு இல்ல. உங்களைப் புடிச்சிருக்குது. மீட்டிங்ல நான் வாயைத் தெறக்காம உக்காந்திருந்ததுக்கு எத்தனை வேணா திட்டுங்க, அதுக்கு மன்னிப்பு நேர்ல கேக்கறேன். கப்பல்ல போறதுன்னா போயிட்டு வாங்க, ஒம்பது மாசம் இருந்துக்குவேன். ஆனா அது இரைச்சல்னு நெனச்சுட்டுப் போகாதீங்க.

அக்கா, அந்தப் பக்கம் என்னமோ கீழ விழுந்த சத்தம். கட்டாகல, லைன்லதான் இருக்கறாரு.

ஸ்டெனிஸ்?

ஆமாங்க, பஸ்லதான். ஆமா, எல்லாருக்கும் கேக்குது. கண்டக்டர் டிக்கெட் குடுக்கறதை நிறுத்திட்டுப் பாத்துட்டு நிக்கறாரு, முன் சீட்டு ஆளுங்க எல்லாம் திரும்பிட்டாங்க, பக்கத்துல ஒரு அக்கா என்ற கையைப் புடிச்சுட்டு இருக்கறாங்க. கேக்கட்டும். நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க.